சிவப்பு வட்டமாகத் தெரிந்த கிணறு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டபோது, நாங்கள் கட்டிய கல்யாண மண்டபத்தைப் பற்றி எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கட்டினோம், நிற்கிறது. நான் எழுதப்போவது ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் கொல்லைப்புறக் கிணற்றைப் பற்றி. அந்தத் தெருப் பக்கம் நான் இப்போதெல்லாம் போவதில்லை. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து கோபுரம் பார்க்க வேண்டும் என்றால்கூட வேறு வழியாகச் சுற்றித்தான் அழைத்துப் போகிறேன்.

கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பிலிருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். உறையூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளியையும் சேர்த்து ஒரு வேனில் அடங்கிவிடும் கூட்டம். அங்கே நஸ்ரீன் வந்து சேர்ந்த பிறகுதான் மாடல் என்ற ஒன்று எங்கள் வாழ்க்கையில் நுழைந்தது. காகிதத்தில் கோடாகக் கிடப்பதை அவள் கம்ப்யூட்டரில் சுவராகவும் தூணாகவும் நிமிர்த்துவாள். அதோடு எந்த நாள் எந்தச் சுவர் போகும், எந்த நாள் எந்தத் தூண் எழும் என்று தேதியையும் சேர்த்துக் கட்டிவிடுவாள். தேதியை நகர்த்திக்கொண்டே போனால் பழைய வீடு நம் கண்ணெதிரே இடிந்து புது வீடு எழும்பும். இடிக்க வேண்டியது சிவப்பு, புதிதாகக் கட்டுவது பச்சை, தொடக்கூடாதது சாம்பல் நிறம்.

ஆரம்பத்தில் நான் இதைப் பார்த்துச் சிரித்தவன். வீடியோ கேம் விளையாடச் சம்பளமா என்று நஸ்ரீனைக் கேட்டிருக்கிறேன். அவள் மானிட்டரைத் திருப்பிக் காட்டுவாள். தில்லைநகரில் ஒரு கிளினிக் வேலையில், மாடிப்படி ஏறுகிறவர் தலை பீமில் இடிக்கும் என்று கம்பி கட்டுவதற்கு முன்பே அது காட்டிக்கொடுத்தது. அன்றோடு மனம் மாறிவிட்டேன். மாறியவன் அளவோடு நிற்க வேண்டுமே. டீக்கடையில் நின்றுகொண்டு முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் மாடலைப் பற்றி அளந்தேன். முதலாளியே சலித்துப்போகும் அளவுக்குப் பேசினேன்.

எங்களுக்கு வருவதில் பாதி, ஆட்கள் குடியிருக்கும் வீட்டையே ஒரு பக்கம் இடித்து ஒரு பக்கம் கட்டும் வேலை. எங்கள் மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் வேலையைத் தொடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் போய், "இன்னைக்கு இதை எடுக்கப்போறோம், எடுக்கலாமுங்களா?" என்று கேட்பார். கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு வேண்டாம், பெண் பார்க்க வருகிறார்கள் என்பார்கள். அந்த ஜன்னல் எங்கள் அப்பா வைத்தது, இன்னொரு தடவை யோசிக்கிறோம் என்பார்கள். ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பழக்கத்தை நிறுத்தியவன் நான். "மாடல்ல சிவப்பா இருந்தா எடுங்க. இனிமே வீட்டுக்காரங்களைக் கேக்க வேண்டாம். எல்லாம் முன்னாடியே கேட்டாச்சு" என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அன்றன்றைய வேலையைப் படமாக அவருடைய வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுவோம். சமயபுரத்தில் ஒரு லாட்ஜ் வேலையை முதலாளி பிடித்ததே இதைச் சொல்லித்தான்.

ஸ்ரீரங்கம் வீடு நீளமானது, குறுகலானது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியது. முன்பகுதியில் பார்த்தசாரதி சாரும் அவர் மனைவியும் குடியிருக்க, பின்பகுதியை இடித்துப் புதிதாக இரண்டு அறை, சமையலறை, மாடி. சார் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையைக் கொடுத்தது பெங்களூரில் இருந்த அவர்களுடைய மகன். போனிலேயே எல்லாம் பேசி முடித்தார்.

"ஒண்ணு மட்டும் சார். அப்பாவை எதுவும் கேக்காதீங்க. இன்னைக்கு ஒண்ணு சொல்லுவார், நாளைக்கு மாத்துவார். மாடலை எனக்கு அனுப்பிடுங்க, நான் பார்த்து ஓகே பண்றேன்" என்றார்.

எனக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்கமாட்டாரா என்றுதானே காத்திருந்தேன். "கண்டிப்பா சார்" என்றேன்.

மாடல் செய்யும்போது நஸ்ரீன் ஒன்று கேட்டாள். "சார், கொல்லைப்பக்கம் ஒரு கிணறு இருக்கே, அது யூஸ்ல இருக்கா?"

"போர் இருக்குல்லம்மா? கார்ப்பரேஷன் குழாய் வேற இருக்கு. இந்தக் காலத்துல யாரு கிணத்துல எறைச்சுக்கிட்டு இருக்கா?"

"போய் ஒரு தடவை கேட்டுட்டு வந்துடட்டுமா சார்?"

"எல்லாம் பையன் பார்த்துக்குவார். மூடறதாப் போட்டுடு."

அதோடு விட்டேனா? அந்தத் தெருவுக்குள் லாரி வராது. இடித்த கல்லையும் மண்ணையும் குட்டி யானை என்கிற சின்ன வேனில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். அந்தக் கழிவையே கிணற்றுக்குள் தள்ளினால் வண்டி நடை மிச்சம் என்று கணக்குப் போட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். நஸ்ரீன் கிணற்றைச் சிவப்பு வட்டமாக்கினாள். வீடியோ காலில் மகன் வீட்டை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சமையலறை மேடை உயரம் கேட்டார், பாத்ரூம் டைல்ஸ் கேட்டார். சிவப்பு வட்டம் திரையில் வந்தது, போனது. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஓகே என்றார்.

கிணற்றை மூட மாடலில் குறித்திருந்த நாள், சாரும் மாமியும் விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போயிருந்தார்கள். மேஸ்திரி வழக்கம்போல வாட்ஸப்பைப் பார்த்தார். கைப்பிடிச் சுவரை உடைத்து உள்ளே தள்ளினார்கள். அதன் மேல் பழைய சமையலறைச் சுவரின் கழிவைக் கொட்டினார்கள். எனக்குப் போன் வந்தபோது நான் ஆபீஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. பெரியவர் கிணத்துக்கிட்ட நிக்கிறார். நகரவே மாட்டேங்கறார்" என்றார் மேஸ்திரி.

காவிரிப் பாலத்தில் வழக்கமான நெரிசல். நான் போய்ச் சேர்ந்தபோதும் அவர் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார். கோயிலிலிருந்து வந்து மறுபடி குளித்து, ஈர வேட்டியோடு, கையில் வெறும் பித்தளைக் குடம். ஆட்கள் மண்வெட்டியை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றார்கள்.

"வாங்கோ சார். கிணத்தை மூடிட்டேளே" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"உங்க பையன் பார்த்து ஓகே சொன்னதுதான் சார்."

சொன்னதோடு நிற்காமல் போனை எடுத்து மாடலையும் காட்டினேன். அவர் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"இது நம்மாத்துக் கிணறா? சிவப்பா இருக்கே."

"ஆமா சார்."

"சிவப்பா இருந்தா என்ன அர்த்தம்?"

"எடுத்துடணும்னு அர்த்தம் சார்."

"ஓகோ" என்றார்.

மாமிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த வீட்டில் குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் குளிக்கத் துவைக்க மட்டும்தான். பெருமாளுக்குத் தினமும் செய்யும் பூஜையான திருவாராதனத்துக்கும், பெருமாளுக்குப் படைக்கச் சமைக்கவும் கிணற்றுத் தண்ணீர், அதுவும் சார் குளித்து, யாரையும் தொடாமல் மடியாக இருந்து தன் கையால் இறைத்தது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட அது தவறியதில்லை என்றார்.

"பெருமாளுக்கு அமுது பண்ணாம அவர் வாயில ஒண்ணும் போட்டுக்க மாட்டார். சுகர் வேற இருக்கு. நேரமானா கை நடுங்க ஆரம்பிச்சுடும். இப்பவே நடுங்கறது, நீங்க கவனிக்கலை."

கவனிக்கவில்லைதான். முதலாளிக்குப் போன் போட்டேன். "அந்தோணி சார், இதுக்கா இவ்வளவு டென்ஷன்? ரெண்டு மினரல் வாட்டர் கேன் வாங்கிக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க. நாளைக்கு காங்கிரீட் மிஷின் சொல்லியாச்சு" என்றார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தக் கேன் யோசனையை நான் மாமியிடம் போய் அப்படியே ஒப்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "உங்காத்துலயும் சாமி கும்பிடுவேளே சார்" என்றார்.

இதுவரை நடந்தது தவறு. இனிமேல் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தவறு செய்தவனுக்கு அதை உடனே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வரும். மனிதர் கண்முன்னே பட்டினியாக நிற்கிறார், என் ஆட்கள் என்னைப் பார்க்கிறார்கள். கிணற்றைத் திறந்து கொடுத்துவிட்டால் தலை நிமிரலாம் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. கழிவு இன்னும் மேலே வரவில்லை, பாதிக் கிணறு பள்ளமாகத்தான் இருந்தது. "யாராவது எறங்கி எடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

செல்வம் என்று பச்சைமலைக்காரர் ஒருவர் எங்களிடம் வேலை பார்த்தார். ஊரில் மரவள்ளிக் கிழங்கு வேலை இல்லாத மாதங்களில் வருவார். இரண்டு பெண் குழந்தைகள். "கயிறு குடுங்க சார், எறங்கிடறேன்" என்றார். அந்தக் கிணறு என்ன பழமை, உள்சுவர் என்ன நிலைமையில் இருக்கிறது, மேலே உடைத்ததில் எது எது ஆட்டம் கண்டிருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. மாடலில் அது வெறும் வட்டம். ஹெல்மெட்கூடப் போடச் சொல்லாமல், சாரம் கட்டும் கயிற்றை அவர் இடுப்பில் கட்டச் சொன்னேன். இத்தனை வருட அனுபவம் உள்ள நான் சொன்னேன். வேறு நாளாக இருந்தால், இப்படி ஒருவன் ஆளை இறக்கினால் அவனை வேலையைவிட்டே நிறுத்தியிருப்பேன்.

செல்வம் ஒரு காலை உள்ளே போட்டுவிட்டார். அப்போது பார்த்தசாரதி சார் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, செல்வத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மடியாக இருக்கும்போது சாரை மாமிகூடத் தொடமாட்டார். ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒதுங்கி ஒதுங்கித்தான் நடப்பார்கள். சிமெண்டும் வியர்வையுமாக இருந்த செல்வத்துக்குத்தான் அதிகத் திகைப்பு. கையை விடுவித்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றார்.

"வேண்டாம்ப்பா, ஏறு. என் ஆராதனத்துக்காக நீ இதுல எறங்க வேண்டாம்" என்றார் சார். செல்வம் இரண்டு காலையும் தரையில் வைத்த பிறகுதான் கையை விட்டார்.

பிற்பாடு தூர் வாருகிறவர்கள் மூங்கில் முக்காலியும் கப்பியுமாக லால்குடிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். உள்ளே விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கச் செங்கல் முழுக்க விட்டுப்போயிருக்கிறது, கால் வைத்தால் கையோடு வரும் என்றார்கள். முதலில் அதைக் கட்டினார்கள், பிறகுதான் கழிவில் கை வைத்தார்கள். கிணற்றை மூடியதற்கு நான் வெட்கப்படுகிறேன். ஆனால் செல்வத்தின் இடுப்பில் கட்டச் சொன்ன அந்தக் கயிற்றை நினைத்தால் வெட்கத்தோடு பயமும் வருகிறது. நீங்கள் ஒரு தவறு செய்து அவமானப்பட்டு நிற்கும்போது அடுத்த உத்தரவைப் போடாதீர்கள். வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் உங்கள் மூளை வேலையைப் பார்க்காது, உங்கள் முகத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கும்.

செல்வத்தை ஏற்றிவிட்ட பிறகு சார் என்னிடம் கேட்டார். "உங்க கார்ல என்னை அம்மாமண்டபம் படித்துறை வரைக்கும் அழைச்சுண்டு போவேளா? மறுபடி ஸ்நானம் பண்ணணும். அங்கேயே தீர்த்தமும் எடுத்துண்டு வந்துடறேன்."

ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்த மாதம். நான் படித்துறையின் மேல்படியில் நின்றேன். கை நடுக்கத்தோடு அவர் முங்கி எழுந்து, குடத்தை நிரப்பி, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். தடுமாறியபோது வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டிவிட்டு, நான் தொட்ட தண்ணீர் ஆகாது என்பது ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். "பரவாயில்லை சார், நானே தூக்கிண்டுடறேன்" என்றார். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் தனியாக உட்கார்ந்தார். அன்று அந்த வீட்டில் சாப்பாடு ஆகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சாயங்காலம் என் மனைவி, சீட் ஏன் இவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று கேட்டாள். மழை என்று சொல்லிவிட்டேன். அன்று மழையே இல்லை.

காங்கிரீட் மிஷினைத் திருப்பி அனுப்பினோம். முதலாளி கத்தினார், கத்தட்டும் என்று விட்டேன். கிணறு சரியாகும்வரை தினமும் காலையில் பாலக்கரையில் என் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய் அவரை ஆற்றுக்கு அழைத்துப் போனேன். போகும்போதும் வரும்போதும் அவர் இயல்பாகத்தான் பேசினார். மாடலைப் பற்றிக் கேட்டார். அதில் மாடி ஏறிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் சார் என்றேன். ஆனால் காட்டவில்லை. அந்தப் போனை அவர் எதிரில் எடுக்கவே எனக்குக் கூசியது.

மாடலில் இன்னொரு வசதி உண்டு, உங்களுக்குத் தெரியும். வேலை பின்தங்கினால் அதுவே காட்டிவிடும். பெங்களூரில் மகன் அதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் காலையில் நான் கூடத்தில் காத்திருந்தபோது சாருக்கு வீடியோ கால் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"என்னப்பா, வேலை அப்படியே நிக்கறது? கிணத்தை மூடறதுன்னு இருந்தது, இப்ப கிணறு ரிப்பேர்னு காட்டறது. அவங்க ஏதாவது சொதப்பிட்டாங்களா? சொல்லு, நான் பேசிக்கறேன்."

சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆராதனம் தவறினால் தண்ணீர்கூடக் குடிக்காத அந்த மனிதர், எனக்காகப் பொய் சொல்ல ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"அவா மேல ஒண்ணும் தப்பில்லைடா. நான்தான் மூடச் சொன்னேன். அப்புறம் மனசு கேக்கலை, திறக்கச் சொல்லிட்டேன்."

அப்போதே நான் குறுக்கே புகுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் மகனுக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன் என்பது வேறு விஷயம். முகம் தெரியாத போனில் சொல்வது பெரிய காரியமில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் கூடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கம்பெனி பெயர் கெடாமல் தப்பித்ததே என்று உள்ளே ஒரு மூலையில் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதி சில வினாடிகள்தான் இருந்தது.

"அதுக்குத்தாம்ப்பா" என்று போனில் மகன் சலித்துக்கொண்டார். "உன்னை ஒண்ணுமே கேக்க வேண்டாம்னு அவங்ககிட்ட முதல்லயே சொல்லியிருந்தேன். எதுக்கு நடுவுல போய்த் தலையிடறே?"

"சரிடா" என்றார் சார். "சாப்ட்டியா?" என்று கேட்டார். பேத்தியின் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். போனை வைத்தார்.

உள்ளே மாமி பாத்திரம் நகர்த்தும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. சார் மேல்துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னைக் கேக்க வேண்டாம்னு சொன்னானா?"

"ஆமா சார்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"கண்டிப்பான்னு சொன்னேன் சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "நேரமாறது, போலாம்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் வாசலுக்கு நடந்தார். அன்று வழியில் அவர் மாடலைப் பற்றிக் கேட்கவில்லை. நான் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்காமலே ஓட்டிக்கொண்டு போனேன்.